சைக்கிள் ட்யூபில் பறந்த விமானம்

என் உயிர் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் என்றால் ‘நலமா இருக்கீங்களா’ என்று கேட்டுத்தான் எழுதிப் பழக்கம். இப்போது அதைக் கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன், பதிலை உங்கள் வசதிப்படி சொல்லுங்கள்.

நாளை மறுநாள் ஷார்ஜாவுக்குக் கிளம்புகிறேன். இந்தத் தடவை என்னோடு இன்னொருவரும் வருகிறார். அது யாரென்று கடைசியில் சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். நம்ம ஊர் வழக்கப்படி வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசலில் நின்று ‘பயணம் சொல்ல வந்தேன்’ என்றால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீயோ சர்பத்தோ கொடுத்து, துஆ செய்து, ‘போயிட்டு வா’ என்று சொல்லி அனுப்ப வேண்டும். அந்தச் சொல்லை வாங்காமல் லப்பைக்குடிக்காட்டில் யாரும் பெட்டியைத் தூக்குவதில்லை. வயிறு முட்ட டீ குடித்தாகிவிட்டது. எல்லா வீடும் முடிந்து பாக்கி நிற்பது நீங்கள் மட்டும்தான்.

உங்களிடம் நேரில் வந்து சொல்லலாம் என்றால், உங்களை அடக்கிய மையவாடிக்குள் பெண்கள் போகிற வழக்கம் நம் ஊரில் இல்லை. நேற்று ரோட்டில் நின்று மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். உங்கள் தலைமாட்டில் வைத்த வேப்பங்கன்று இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஆடு கடிக்காமல் இருக்க யாரோ முள் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து கத்திப் பயணம் சொன்னால் ஊர் சிரிக்கும். அதனால்தான் கடிதம்.

முதலில் ஊர்ச் சேதி. வெள்ளாற்றில் தண்ணீர் வந்து போய்விட்டது. நீங்கள் திட்டிக்கொண்டே இருந்த முக்கு வளைவில் வேகத்தடை போட்டுவிட்டார்கள், இப்போது எல்லோரும் வேகத்தடையைத் திட்டுகிறார்கள். அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் இருக்கும்போதே ஒரு தரம் பிரித்து, ஒரு தரம் சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரித்திருக்கிறார்கள். ‘பாய் இருந்திருந்தா இதுக்கும் நாலு பக்கம் ட்யூப் கட்டுய்யா, நடுவுல நிக்கட்டும்னு சொல்லியிருப்பாரு’ என்று கோவிந்து மாமா சிரித்தார்.

இதை நாலு பேர் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோவிந்து மாமா பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவர், உங்கள் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. இனி நான் சொல்லப்போவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். பாதியில் குறுக்கே பேசாமல் கேளுங்கள். உயிரோடு இருந்தபோது அது உங்களால் முடிந்ததே இல்லை.

நீங்கள் துபாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினீர்கள். நான் பிறந்தபோது அங்கே இருந்தீர்கள், எனக்குக் காது குத்தியபோதும் அங்கே, பத்தாவது பாஸ் ஆனபோதும் அங்கே. இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் லீவில் வருவீர்கள். வந்த புதிதில் விருந்தாளி போல இருப்பீர்கள். எனக்குக் கூச்சம் விட்டு உங்கள் மடியில் உட்காரும் நேரத்தில் பயணம் சொல்லக் கிளம்பிவிடுவீர்கள். ஏர்போர்ட்டுக்குக் கார் வரும் அன்று அம்மா சமையல்கட்டை விட்டு வெளியே வரவே மாட்டாள்.

கம்ப்யூட்டரெல்லாம் ஒரே ராத்திரியில் நின்றுவிடும் என்று பேப்பரில் பயமுறுத்தினார்களே, அதற்கு அடுத்த வருடம் நீங்கள் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அறிவித்தீர்கள்.

“இந்த வூட்ல இனிமே யாரும் பயணம் சொல்லப் போறதில்ல. நான் சொன்னதே ஏழு தலைமொறைக்குப் போதும்.”

“சரிங்க, மொதல்ல கையக் கழுவுங்க, சோறு ஆறுது” என்றாள் அம்மா. அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை.

அப்போது நான் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கென்றுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினீர்கள். ஒரு வாரத்தில் அது உங்களுடையது ஆகிவிட்டது. சென்டரில் கூடப் படித்த பெண்ணிடம் விமானம் ஓட்டுகிற சிடி ஒன்று வாங்கிவந்து போட்டுக் காட்டினேன், என் தலையெழுத்து. உலகத்து ஏர்போர்ட் பூராவும் அதில் இருக்கிறது என்றேன். ‘திருச்சி இருக்கா?’ என்றீர்கள். இருந்தது. அவ்வளவுதான், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தீர்கள். அதற்கப்புறம் நான் என் கோர்ஸ் வேலைக்கு உங்களிடம் கெஞ்ச வேண்டியிருந்தது.

கீபோர்டில் அம்புக்குறியைத் தட்டினால் விமானம் தடாலென்று சாயும், தட்டாவிட்டால் தடாலென்று நிமிரும். ‘வெமானமா இது, எருமையா?’ என்று திட்டுவீர்கள். கடையில் விளையாட்டுக்கென்று விற்கும் ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு, அது பிளாஸ்டிக் கிலுகிலுப்பை என்றீர்கள். உங்களுக்கு நிஜ விமானத்தில் பார்த்த ஸ்டிக்தான் வேண்டும்.

அதை எங்கே பார்த்தீர்கள் என்ற கதையை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்! ஒரு லீவில் வரும்போது உங்களுக்கு முன்வரிசையில் சீட் கிடைத்ததாம். அந்தக் காலத்தில் பைலட் அறைக் கதவைத் திறந்து போட்டிருப்பார்களாம். பைலட்டின் முகம் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டால், முகத்தை யார் பார்த்தார்கள் என்பீர்கள். ‘ஆபரேட்டரு ஆபரேட்டரோட கையத்தான் பாப்பான்’ என்பீர்கள். கைப்பக்கத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி. அதை அவர் இறுக்கிப் பிடிக்கவே இல்லையாம், முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாராம். அவ்வளவு பெரிய விமானம் அந்தக் கை சொன்னதைக் கேட்டு இறங்கியது என்று சொல்லும்போது உங்கள் கையும் தானாக அப்படிக் குவிந்துகொள்ளும்.

அதே போல ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கோவிந்து மாமா பட்டறைக்குக் கிளம்பினீர்கள். நீங்கள் அதை ஸ்டிக் என்றீர்கள், மாமா லிவர் என்றார். அம்மாவுக்கு அது முதல் நாளிலிருந்து குச்சிதான். ‘ஊருல வயசானவங்க தஸ்பீஹ் மணி உருட்டறாங்க, எங்க வூட்டுக்காரரு குச்சி புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு’ என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். அதில் அலுப்பைவிடப் பெருமைதான் ஜாஸ்தி.

மாமா இரும்பில் ஒரு பெரிய வளையமும் அதற்குள் ஆட ஒரு சின்ன வளையமும் செய்தார். வெளி வளையம் இடவலம் சாயும், உள் வளையம் முன்னும் பின்னும் சாயும். நடுவில் கம்பி. கம்பி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டுமே? ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற வால்யூம் கண்ட்ரோல் இருக்கிறதல்லவா, அதைத்தான் ஜாய்ஸ்டிக்குக்குள்ளும் வைத்திருக்கிறார்கள் என்று சென்டரில் சொன்னார்கள். ஒவ்வொரு வளையத்தின் அச்சிலும் ஒன்றை மாட்டி ஒயரைக் கம்ப்யூட்டரின் முதுகில் செருகினால் போதும்.

அதை வாங்க அரியலூர் போனோம், நீங்களும் நானும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ரேடியோ ரிப்பேர் கடைக்காரர் எந்த செட்டுக்கு என்று கேட்டார். ‘வெமானத்துக்கு’ என்றீர்கள் நீங்கள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘அப்ப நல்லதாவே தரேன் பாய், பாதியில நின்னுறக் கூடாது’ என்று டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துத் தந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் டிக்கெட் கேட்கவே தயங்கினார்.

ஸ்டிக்கை மாட்டிப் பார்க்க கோவிந்து மாமா டிவிஎஸ்ஸில் நம் வீட்டுக்கே வந்தார். கம்ப்யூட்டரில் விமானம் வானத்தில் இருந்தது. நீங்கள் ஸ்டிக்கை லேசாக இடது பக்கம் சாய்த்தீர்கள், விமானமும் சாய்ந்தது. மாமா தொடையைத் தட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அம்மா டீ கொண்டுவந்தாள். நீங்கள் ஸ்டிக்கை விட்டுவிட்டு டம்ளரை வாங்கினீர்கள். முதல் மடக்கு உள்ளே போவதற்குள் விமானம் குப்புறக் கவிழ்ந்து தரையில் போய் விழுந்தது.

பார்த்தால், ஸ்டிக் சாய்த்த இடத்திலேயே சாய்ந்து நிற்கிறது. மாமாதான் வளையத்துக்கு நடுவில் வாஷர் போட்டு, நகராதபடி முறுக்கியிருந்தார். அவருக்குத் தெரிந்த லிவர் எல்லாம் ட்ராக்டரில் கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிவர். அது வைத்த இடத்தில் நிற்கவில்லை என்றால் கலப்பை மண்ணில் இறங்கிக்கொண்டே போகும், விவசாயி பட்டறைக்கு வந்து சண்டை போடுவான்.

“வெச்ச எடத்துல நிக்காத லிவரு லிவரே இல்ல பாய்.”

“கோவிந்து, இது ஏரு இல்ல. ஆபரேட்டரு கைய வுட்டா அது தானா நடுவுக்கு வரணும். கிரேன்லயும் அப்படித்தான், வெமானத்துலயும் அப்படித்தான்.”

“அப்ப வெமானத்துலதான் கோளாறு” என்று டீயை முடித்துவிட்டு டிவிஎஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. வயதான ஆம்பளைகள் ஒரு வாஷருக்காகக் கோபித்துக்கொண்டதைப் பெரம்பலூர் மாவட்டம் அதற்கு முன் கண்டிருக்காது.

அப்புறம் அவரே வந்தார். வாஷரைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் போட்டுப் பார்த்தீர்கள். மொபெட் ஸ்டாண்டு ஸ்பிரிங் போட்டதில் ஸ்டிக் உங்கள் மணிக்கட்டைத் திருப்பி அடித்தது. பேனா ஸ்பிரிங் போட்டதில் அது எழுந்து நிற்கவே இல்லை. கடைசியில் மாமா எழுந்துபோய் டிவிஎஸ் கேரியரில் டிபன் பாக்ஸைக் கட்டியிருந்த சைக்கிள் ட்யூப் நாடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நாலாகக் கத்தரித்து, நாலு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டினார். ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளி விட்டீர்கள். அது ஒரு தரம் ஆடி, நடுவில் வந்து நின்றது. மறுபடி தள்ளி விட்டீர்கள், மறுபடி வந்து நின்றது. ‘இதுதான், இதேதான்’ என்று மாமாவின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தீர்கள். டிபன் பாக்ஸ் கட்ட வேறு நாடா இல்லாமல் அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டிப் போனார்.

கைப்பிடிக்கு அரும்பாவூர் மரச்சிற்பக்காரரிடம் போனீர்கள். தேருக்குக் குதிரையும் யாளியும் செதுக்குகிற மனிதர். ஈரக் களிமண் உருண்டையைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பீர்களோ அப்படிப் பிடியுங்கள் என்றாராம். நீங்கள் முட்டை பிடிக்கிற மாதிரி பிடித்தீர்கள். அந்த அச்சைப் பார்த்து வாகை மரத்தில் செதுக்கித் தந்தார். உங்கள் விரல் ஒவ்வொன்றும் படியும் பள்ளம் அதில் இருந்தது. துறைமுகத்தில் நசுங்கிய உங்கள் சுண்டுவிரலின் கோணல்கூட அப்படியே இருந்தது.

அன்றிலிருந்து சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வந்தால் விமானம்தான். நான் கவனித்த ஒன்றை உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஒருநாளும் விமானத்தைத் தரையிலிருந்து ஏற்றியதே இல்லை. எப்போதும் வானத்தில்தான் ஆரம்பிப்பீர்கள். திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் எங்கேயோ ஆரம்பித்து, ஓடுபாதையைப் பார்த்து, மெல்ல இறக்கி நிறுத்துவீர்கள். நின்றதும் ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று சொல்லி கம்ப்யூட்டரை அணைப்பீர்கள். ஏன் ஏற்ற மாட்டேங்கிறீங்க என்றேன்.

“ஏறுனதெல்லாம் போதும்மா. ஒவ்வொரு தரமும் அழுதுக்கிட்டேதான் ஏறுவேன். எறங்கறப்பதான் மனுஷனாவேன்.”

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பருப்பு கடைந்துகொண்டே, ‘எனக்குத் தெரியும்’ என்றாள்.

பிறகு எனக்கு நிக்காஹ் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. லீவு முடிந்து அவர் தனியாகப் போனார். போகும்போது எனக்கும் விசா எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். விசா வராது என்று நினைத்திருப்பீர்கள் போல. வந்துவிட்டது.

அதற்கப்புறம் நீங்கள் பேசியதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வேண்டாம் என்று சொன்னால் சண்டையாவது போடலாம். நீங்கள் அதைச் சொல்லவே இல்லை. மழை முடியட்டும் என்றீர்கள், நோன்பு முடியட்டும் என்றீர்கள், பெருநாள் முடியட்டும் என்றீர்கள். பெட்டி வாங்கலாம் என்றால் பெரம்பலூரில் நல்ல பெட்டி கிடைப்பதில்லை என்றீர்கள். மாப்பிள்ளை போன் செய்தால் உங்களுக்கு அப்போதுதான் பள்ளிவாசலில் வேலை வரும். மாமியார் வீட்டில் முணுமுணுத்தார்கள். ‘பொண்ணக் கட்டிக் குடுத்தியா, காட்டிட்டு வெச்சுக்கிட்டியா’ என்று தெருவில் ஒரு கிழவி உங்கள் முகத்துக்கு நேரே கேட்டாள். அப்போதும் உங்களுக்குப் பள்ளிவாசலில் வேலை வந்துவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு சொல்தான் அத்தா. உங்கள் வாயால் ‘போயிட்டு வா’. அது இல்லாமல் போகிறதுக்கு எனக்கு மனசு இல்லை, அது வரும்வரை காத்திருக்க விசாவுக்கு நாள் இல்லை. அம்மாதான் ஒருநாள் முடிவாகச் சொன்னாள்: ‘நீ போயி ஊருக்கெல்லாம் பயணம் சொல்லு. கடைசியா அவர்கிட்ட வா. ஊரே சொன்னதுக்கப்புறம் அவரு என்னா பண்ணுவாரு பாப்போம்.’

அப்படியே வீடு வீடாகப் போனேன். எல்லோரும் துஆ செய்தார்கள், எல்லோரும் ‘அத்தா என்ன சொன்னாரு?’ என்று மறக்காமல் கேட்டார்கள். எல்லா வீடும் முடித்து வந்தபோது அசர் முடிந்திருந்தது. நீங்கள் கம்ப்யூட்டர் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். நிலைப்படியில் நின்று, வெளியாள் சொல்கிற மாதிரி சொன்னேன்.

“அத்தா, பயணம் சொல்ல வந்தேன்.”

நீங்கள் திரும்பவில்லை. அப்போதுதான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். விமானம் தரையில் நின்றுகொண்டிருந்தது. திருச்சி ஓடுபாதையின் இந்தக் கோடியில், மூக்கு அந்தக் கோடியைப் பார்த்தபடி. நம் வீட்டு விமானம் கிளம்புவதற்கென்று அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

எழுந்து நாற்காலியைக் காட்டினீர்கள். உட்கார்ந்தேன். “கைய வை” என்றீர்கள். வைத்தேன். உங்கள் விரல் பள்ளங்களில் என் விரல் ஒவ்வொன்றும் தொலைந்துபோனது.

“எனக்குத் தெரியாதுத்தா.”

“எனக்கும்தான் தெரியாது. நான் ஏத்துனதே இல்லயே.”

நீங்கள் குனிந்து கீபோர்டில் வேகத்துக்கான பொத்தானை அழுத்தினீர்கள். ஓடுபாதை நம்மைப் பார்த்து ஓடிவந்தது. இழு, மெதுவா, என்று காதருகில் சொன்னீர்கள். இழுத்தேன். தரை கீழே போயிற்று. நான் பயத்தில் இன்னும் இழுத்தேன், விமானம் செங்குத்தாக நிமிர்ந்து நடுங்க ஆரம்பித்தது. ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“கைய வுடு.”

“வுழுந்துரும்த்தா.”

“வுடு புள்ள. அது தானா நடுவுக்கு வரும். அதுக்குத்தான அந்தப் பாடு பட்டோம்.”

விட்டேன். சைக்கிள் ட்யூப் இழுத்தது. ஸ்டிக் ஒரு தரம் ஆடி நடுவில் வந்து நின்றது. விமானமும் கொஞ்சம் தடுமாறிவிட்டு, மூக்கைத் தாழ்த்தி, நேராகப் போக ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். அழுதுகொண்டே என் தலையில் கையை வைத்துச் சொன்னீர்கள்.

“போயிட்டு வா.”

சமையல்கட்டில் அம்மா எதையோ கீழே போட்டாள். அவள் அவ்வளவு நேரமும் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

நான் போனேன். லீவில் ஒரு தரம் வந்தேன், நீங்களே திருச்சிக்கு வந்து கூட்டிப்போனீர்கள். காரில் வரும்போது, பைலட் எப்படி இறக்கினான் என்று விசாரித்தீர்கள். கொஞ்சம் தூக்கிப் போட்டது என்றதும், ‘நான் எறக்கியிருந்தா தூக்கிப் போட்டிருக்காது’ என்றீர்கள். அடுத்த லீவுக்கு நீங்கள் இல்லை. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூ செய்ய உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்களாம். போன் வந்து நான் டிக்கெட் எடுத்து வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. யாரிடமும் பயணம் சொல்லாமல் போய்விட்டீர்களே அத்தா. இந்த வீட்டில் இனி யாரும் பயணம் சொல்லப்போவதில்லை என்று சொன்ன சொல்லை நீங்கள் ஒருவர்தான் காப்பாற்றினீர்கள்.

இப்போது கூட வருகிறவர் யாரென்று சொல்கிறேன். அம்மா.

நாலு மாதம் பத்து நாள் துக்கம் காத்த இத்தா முடிந்த நாளிலிருந்து கூப்பிடுகிறேன். மாப்பிள்ளையும் விசா எடுத்துவிட்டார். டிக்கெட்டும் வந்துவிட்டது. அவள்தான் பிடி கொடுக்கவில்லை. முட்டி வலி என்றாள், கோழியை யார் பார்ப்பது என்றாள், இந்தக் குச்சியை யார் துடைப்பது என்றாள். மழை, நோன்பு, பெருநாள் என்று நீங்கள் சொன்ன சாக்கையெல்லாம் ஒன்று விடாமல் அவளும் சொல்லிப் பார்த்தாள். உங்களிடம்தான் கற்றிருக்க வேண்டும். கடைசியில் நேற்றுதான் உண்மையைச் சொன்னாள்.

“அவரக் கேக்காம நான் ஆத்துக்கு அந்தாண்ட திட்டக்குடிக்குக்கூடப் போனதில்ல. இப்ப வெமானம் ஏறப் போறேன். யாரப் போயி நான் கேக்குறது?”

எனக்கே உங்களிடம் சொல்ல இடம் இல்லாமல்தானே மதிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

இன்று மத்தியானம் கோவிந்து மாமாவிடம் பயணம் சொல்லலாம் என்று போன் செய்தேன். அவரே வந்துவிட்டார். முடி பூராவும் நரைத்துவிட்டது, டிவிஎஸ் மட்டும் அதே டிவிஎஸ். வந்தவர் உங்கள் அறைக்குள் போய் ஸ்டிக்கைப் பார்த்தார். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அம்மா தினம் துடைத்ததில் கைப்பிடி பளபளவென்று இருக்கிறது, ஆனால் ட்யூப் காய்ந்து வெடித்துப்போய் இழுக்கிற தெம்பே இல்லை. மாமா வெளியே போனார். டிபன் பாக்ஸ் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். நாலாகக் கத்தரித்து, நாலு பக்கமும் சமமாக இழுத்துக் கட்டினார். ‘பாய்க்கு வாஷரு புடிக்காது’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டரைப் போடட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். கைப்பிடியில் கையை வைத்தாள். அந்தச் சுண்டுவிரல் கோணலைத் தடவிப் பார்த்தாள். பிறகு நீங்கள் எதிரே இருக்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னாள்.

“என்னங்க, பயணம் சொல்ல வந்தேன்.”

சொல்லிவிட்டு ஸ்டிக்கை முடிந்தமட்டும் தள்ளிக் கையை விட்டாள். அது ஒரு தரம் ஆடி, நடுவில் வந்து நின்றது.

“பாத்தியா, சரின்னுட்டாரு” என்று எழுந்துபோய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

அத்தா, அம்மாவை ஜன்னலோர சீட்டில் உட்காரவைக்கிறேன். ஏறும்போது அவள் அழுதால் நானும் சேர்ந்து அழுகிறேன், உங்கள் பாக்கியையும் சேர்த்து. லீவுக்கு வந்து திருச்சியில் இறங்கும்போது, பைலட் எப்படி இறக்கினான் என்று உங்களுக்குச் சொல்ல நன்றாகக் கவனித்துக்கொண்டு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ட்யூபை மாற்றுவேன், அதைக் காயவிட மாட்டேன். இது என் வாக்கு.

பயணம் சொல்லிவிட்டேன். போயிட்டு வரோம்.

நீங்கள் அழுதுகொண்டே ஏற்றிவிட்ட
உங்கள் மகள்,
ரஹ்மத்து